பிடில் ஆசான் இலட்சுமிநாராயண ஐயர்

சங்கீதக் கச்சேரியிலே பாடுபவர் நடுவில் அமர்வார். அவருக்கு வலப்பக்கத்தில் மிருதங்கம், இடப்பக்கத்தில் பிடில். பாடுபவர் ஓர் இராகத்தை எடுத்து ஆலாபனை செய்யும்பொழுது, பிடில் வாசிப்பவர் அவருடைய குரலுக்கு ஓரடி பின்னே நிழல்போல் நடந்து செல்வார். குரல் களைத்து நிற்கும் இடத்திலே வில் தொடர்ந்து நடக்கும். குரல் மறந்த சங்கதியை வில் நினைவூட்டும். கச்சேரி முடிந்து சபையோர் எழுந்து செல்லும்பொழுது பாடியவர் பெயரைப் பேசிக்கொண்டு போவார்கள். உடன் வாசித்தவர் பெயரை நினைப்போர் சிலரே. பக்க வாத்தியக்காரர் என்ற சொல்லிலேயே அவருடைய இடம் வரையறுக்கப்பட்டு விடுகின்றது.

இந்த வரையறையை ஏற்க மறுத்த ஒருவர் யாழ்ப்பாணத்திலே பல ஆண்டுகள் வாழ்ந்தார். அவர் பெயர் வி. இலட்சுமிநாராயண ஐயர். யாழ்ப்பாண இசைக் கல்லூரியிலே பேராசிரியராகப் பணியாற்றியவர். இன்று உலகின் பெரும் அரங்குகளிலே தென்னிந்தியப் பிடில் தனித்து நின்று ஒலிக்கின்றதென்றால், அதற்குப் பாதை வகுத்தவர்களுள் அவரும் ஒருவர். ஆயினும் அவரை "இன்னாரின் தந்தை" என்று அறிந்தவர்களே இன்று மிகுதி. ஈழநாட்டிலே அவர் விதைத்தது யாது, அவரை இந்நாடு இழந்தது எவ்வாறு என்பன எண்ணிப் பார்க்கத் தக்கவை.

அவரைப் பற்றிப் பேசுமுன் அவர் கையில் இருந்த கருவியின் வரலாற்றைச் சிறிது அறிதல் வேண்டும். வில்லினால் இசைக்கும் வாத்தியம் நம்மவர்க்குப் புதியதன்று. இராவணனோடு தொடர்புபடுத்திப் பேசப்படும் இராவணஹஸ்தம் என்னும் கருவி இன்றும் இராசத்தானத்து நாட்டுப் பாடகர் கையில் உண்டு. ஆனால் நான்கு தந்திகளோடு கூடிய இன்றைய பிடில் மேல்நாட்டிலிருந்து வந்ததே. முத்துசுவாமி தீட்சிதரின் இளவலாகிய பாலுசுவாமி தீட்சிதர் 1786ஆம் ஆண்டிலே பிறந்தவர். சென்னைக்கு அண்மையிலுள்ள மணலியில் அவருடைய குடும்பம் முதலியார் ஒருவரின் ஆதரவிலே வாழ்ந்த காலத்தில், புனித சார்ச்சுக் கோட்டையின் ஆங்கில வாத்தியக் குழுவைக் கேட்கும் வாய்ப்பு அவர்களுக்குக் கிட்டியது. தமையனார் அந்த மெட்டுக்களைக் கேட்டு அவற்றுக்கு வடமொழியிலே சாகித்தியம் அமைத்தார். இளவல் ஓர் ஐரோப்பியரிடம் பிடில் கற்றார். பின்னர் எட்டயபுரம் சமத்தானத்து வித்துவானாக விளங்கினார்.

தஞ்சை நால்வருள் இளையவராகிய வடிவேலுவும் இக்கருவியைத் தமதாக்கிக்கொண்டார். பொன்னையா, சின்னையா, சிவானந்தம், வடிவேலு என்னும் அந்நால்வரும் முத்துசுவாமி தீட்சிதரின் மாணாக்கர்கள். வடிவேலுவின் வாசிப்பிலே உள்ளம் பறிகொடுத்த திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள், 1834ஆம் ஆண்டில் யானைத் தந்தத்தாலாகிய பிடில் ஒன்றை அவருக்குப் பரிசளித்தார். கோட்டையின் வாத்தியக் குழுவிலிருந்து அரசவைக்குச் சென்று மதிப்புப் பெற ஓரிரு தலைமுறையே போதியதாயிற்று.

இவ்வளவு விரைவில் ஓர் அந்நியக் கருவி நம் இசையோடு ஒன்றியது எவ்வாறு? நம் இசைக்கு உயிர் கமகம். சுரங்கள் படிக்கட்டுகளைப் போலத் தனித்தனியே நிற்பனவல்ல. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கியும் அசைந்தும் சுழன்றும் செல்வன. பிடிலின் கழுத்திலே வீணைக்கு உள்ளது போன்ற மெட்டுக்கள் இல்லை. விரல் எங்கும் தடையின்றி நகரலாம். வில் ஒருமுறை சென்று திரும்புமளவும் ஓசை அறுவதில்லை. ஆகவே மனிதக் குரல் செய்வதையெல்லாம் இக்கருவியும் செய்ய வல்லதாயிற்று. பின்னர் வந்த ஆர்மோனியத்துக்கு இந்தப் பேறு வாய்க்கவில்லை. கட்டைகளுக்கு இடையிலுள்ள நுண்ணிய ஓசைகள் அதில் இல்லாமையைக் காட்டி, அகில இந்திய வானொலி 1940ஆம் ஆண்டில் ஆர்மோனியத்தை விலக்கியும் வைத்தது. பிடிலோ அசைக்க முடியாத இடத்தைப் பெற்றிருந்தது.

கருவியை ஏற்றுக்கொண்ட நம்மவர், அதை வாசிக்கும் முறையையும் சுருதி கூட்டும் முறையையும் மாற்றினர். மேல்நாட்டார் நின்றுகொண்டு மோவாயின் கீழ்ப் பிடிலை இடுக்கி வாசிப்பர். நம்மவர் சம்மணமிட்டு அமர்ந்து, வலக்காலைச் சிறிது முன்னே நீட்டி, பிடிலின் தலையை அக்காலின் கணுவிலும் அதன் உடலை மார்பின் இடப்பக்கத்திலும் ஊன்றிக்கொள்வர். இதனால் கருவியைத் தாங்கும் வேலை இடக்கைக்கு இல்லை. அது மேலும் கீழும் விருப்பப்படி ஓடலாம். மேல்நாட்டுப் பிடிலில் நான்கு தந்திகளும் அடுத்தடுத்து ஐந்தாஞ் சுர இடைவெளியில் அமையும். நம்மவர் சட்சம், பஞ்சமம், மேற்சட்சம், மேற்பஞ்சமம் என்று கூட்டுவர். இவ்வளவே மாற்றம். ஆனால் இம்மாற்றத்தினால் கருவி தமிழாயிற்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் தமிழ்நாட்டிலே பேராற்றல் வாய்ந்த பிடில் வித்துவான்கள் தோன்றினர். திருக்கோடிகாவல் கிருஷ்ணையர், மலைக்கோட்டை கோவிந்தசாமிப் பிள்ளை, கும்பகோணம் இராசமாணிக்கம் பிள்ளை ஆகியோரின் வில்லுக்காகவே கச்சேரிக்குச் சென்றவர்கள் உண்டு. ஆயினும் அவர்களுடைய ஆற்றல் பெரும்பாலும் பிறர் பாட்டுக்கு அணி செய்யவே பயன்பட்டது. ஆந்திர நாட்டுத் துவாரம் வேங்கடசாமி நாயுடு அவர்கள் பிடிலைத் தனி வாத்தியமாக மேடையேற்றிப் புகழ் பெற்றார். 1952ஆம் ஆண்டில் இந்தியாவுக்கு வந்த மேல்நாட்டுப் பிடில் மேதை யெகூதி மெனுகின் அவருடைய வாசிப்பைக் கேட்டு வியந்தார். எனினும் ஒருவர் இருவர் செய்த முயற்சியாலே நூற்றாண்டு வழக்கம் மாறிவிடவில்லை. தனிப் பிடிற் கச்சேரி என்றால், பாடகர் வரவில்லையோ என்று சபையோர் கேட்குங் காலமே அது.

அக்காலத்திலே தென்னிந்தியாவுக்கும் ஈழத்துக்குமிடையே இசைவாணர்கள் வந்து போவது அரிதன்று. 1914ஆம் ஆண்டில் பாம்பன் பாலமும் தலைமன்னார்ப் புகைவண்டிப் பாதையும் திறக்கப்பட்டன. தனுக்கோடியில் கப்பலேறித் தலைமன்னாரில் இறங்குபவர் மதவாச்சி வரை வந்து, அங்கே வண்டி மாறி வடக்கு நோக்கிச் செல்லுதல் வேண்டும். வவுனியா, புளியங்குளம், மாங்குளம், முறிகண்டி, கிளிநொச்சி, பரந்தன், ஆனையிறவு என்று வன்னிப் பெருநிலத்தின் நெடுகிலும் ஓடிய பின்னரே அவ்வண்டி யாழ்ப்பாணத்தை அடையும். ஆகவே யாழ்ப்பாணத்துக் கோயில் திருவிழாக்களுக்குப் புகைவண்டியில் வந்த நாதசுரக்காரரும் தவிற்காரரும் பாடகரும் பிடிற்காரரும் தம் கருவிகளோடு வன்னிக் காட்டின் நடுவே பயணஞ் செய்தவர்களே. யாழ்ப்பாணத்தின் இசைக்கு வாயிலாக அமைந்தது வன்னி.

வாயில் மட்டுமன்று, வன்னி தனக்கென ஓர் இசை மரபையும் உடைய நாடு. வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலில் வைகாசிப் பொங்கலன்று கடல்நீரில் விளக்கெரியும். அவ்விழாவைச் சூழ்ந்து கண்ணகி கதையைப் பாடும் மரபும் முல்லைத்தீவுக் கோவலன் கூத்தும் வளர்ந்தன. வயலிலே அரிவி வெட்டும்பொழுது பாடும் அரிவிச் சிந்தும், பயிரைக் காக்கும் உழவர் பாடும் குருவிப் பள்ளும் பண்டிப் பள்ளும் இம்மண்ணுக்கே உரியவை. யானை பிடித்த வீரத்தைக் கூறும் வேலப் பணிக்கன் கதை ஒப்பாரியாகப் பாடப்பட்டு வந்தது. இவற்றுக்குத் துணையாக அமைந்தவை மத்தளமும் உடுக்கும் தாளமும். எல்லாவற்றுக்கும் முதலாக நின்றது மனிதக் குரல். குரலை இசையின் தாயாகக் கொண்ட மக்களுக்கு, குரலைப் போலப் பேசும் பிடில் அந்நியமாகத் தோன்றாமை வியப்பன்று.

இரணைமடுக் குளத்தின் கீழ் 1930களிலிருந்து குடியேற்றத் திட்டங்கள் உருவாகத் தொடங்கின. குடாநாட்டிலிருந்து நிலந்தேடி வந்த குடும்பங்கள் காடு வெட்டிக் கழனியாக்கின. அவர்கள் மண்வெட்டியையும் விதைநெல்லையும் மட்டும் கொண்டுவரவில்லை. தேவாரப் பண்ணையும் இசை நாடகப் பாட்டையும் கூடவே கொண்டுவந்தனர். இவ்வாறு குடாநாட்டு இசையும் வன்னிக் கூத்தும் ஒரே ஊரிலே அடுத்தடுத்த வேலிகளுக்குள் ஒலிக்கலாயின. கொழும்பிலே 1925ஆம் ஆண்டில் தொடங்கிய வானொலியும், 1949ஆம் ஆண்டில் இலங்கை வானொலி எனப் பெயர் பெற்ற பின் வளர்ந்த தமிழ்ச் சேவையும், மின்சாரம் எட்டாத ஊர்களுக்கும் மின்கலப் பெட்டிகளின் வழியே கச்சேரிகளைக் கொண்டு சேர்த்தன. சபா மண்டபத்தின் படியேறாத உழவனும் பிடிலின் ஓசையைத் தன் வாசலிலிருந்தே கேட்கலானான்.

இத்தகைய சூழலிலேதான் இலட்சுமிநாராயண ஐயர் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்தார். அவருடைய இல்லமே ஓர் இசைப் பள்ளி. மனைவியார் சீதாலட்சுமி அம்மையாரும் இசைப் புலமை உடையவர். பிள்ளைகள் பேசப் பழகும் பருவத்திலேயே பாடப் பழகினர். முதலில் வாய்ப்பாட்டு, அதன் பின்னரே வில். இது வெறும் வழக்கம் அன்று. பாடத் தெரியாதவன் கையிலே பிடில் வெறும் மரமும் தந்தியுமே. தொண்டை அறிந்த கமகத்தைத்தான் விரல் செய்யும். சரளி வரிசையும் சண்டை வரிசையும் அலங்காரமும் குரலில் ஊறிய பின் அவற்றைத் தந்தியிலே தேடுவது எளிதாகும். வைத்தியநாதன், சுப்பிரமணியம், சங்கர் என்னும் மைந்தர் மூவரும் இம்முறையிலே பயின்றனர். 1947இல் பிறந்த சுப்பிரமணியம் ஆறு அகவையிலும், 1950இல் பிறந்த சங்கர் ஏழு அகவையிலும் சபை முன் வாசித்தனர் என்பர். இருவருடைய அரங்கேற்றத்தையும் கேட்டவர்கள் ஈழத்து மக்களே.

தந்தையாரின் உள்ளத்திலே ஓர் எண்ணம் வேரூன்றியிருந்தது. பிடில் வாசிப்பவன் பாடுபவனுடைய ஏவலாளன் அல்லன். அவன் கையிலுள்ள கருவி தானே தனித்து நின்று ஓர் இரவு முழுதும் சபையைக் கட்டி வைக்கும் ஆற்றல் உடையது. இந்த உண்மையை உலகறியச் செய்தல் வேண்டும் என்பதே அவ்வெண்ணம். தென்னிந்தியாவில் பக்க வாத்தியக்காரர்க்குக் கிடைத்த தாழ்ந்த மதிப்புத் தம் தந்தையாரின் மனத்தைப் புண்படுத்திற்று என்றும், தனி வாத்தியமாகப் பிடிலை உயர்த்துவதே அவருடைய வாழ்நாட் கனவாக இருந்தது என்றும் மைந்தர் சுப்பிரமணியம் பிற்காலத்திலே கூறியுள்ளார்.

தனி வாத்தியமாக வாசிப்பது எளிய செயலன்று. பாடகருக்குச் சாகித்தியம் துணை செய்கின்றது. சொல்லின் பொருளே கேட்பவரின் பாதி மனத்தைக் கவர்ந்து விடும். பிடிலுக்கோ சொல் இல்லை. எழுத்தின் குறிலும் நெடிலும், வல்லினமும் மெல்லினமும் வில்லின் அழுத்தத்தாலேயே புலப்படுதல் வேண்டும். ஓரிடத்தில் வில்லை நீட்டி இழுப்பதும், ஓரிடத்தில் வெட்டி நிறுத்துவதும் பாட்டின் சொல்லறிந்து செய்யத் தக்கவை. மேலும், பிறர் பின்னே செல்பவனுக்கு வழி தேடும் கவலை இல்லை. முன்னே செல்பவன் தானே வழி வகுக்க வேண்டும். ஆகவே தனிப் பிடிற்காரனுக்குப் பாடகனின் கற்பனையும் வாத்தியக்காரனின் கைத்திறனும் ஒருங்கே வேண்டும். அவ்விரண்டையும் இளமையிலேயே தம் பிள்ளைகளுக்கு ஊட்டினார் அவ்வாசான்.

சென்னைச் சபாக்களிலிருந்து விலகி யாழ்ப்பாணத்தில் வாழ்ந்தது இம்முயற்சிக்கு ஒருவகையில் நன்மையாயிற்று என்று கருதலாம். பெரிய நகரத்திலே கச்சேரிக்குக் கச்சேரி ஓடும் பக்க வாத்தியக்காரர்க்குத் தம் கருவியைப் பற்றிச் சிந்திக்க நேரமில்லை. கல்லூரி ஆசிரியருக்கோ நாள்தோறும் மாணவருக்கு விளக்கும் கடமை உண்டு. எந்த விரல் எங்கே ஏன் செல்ல வேண்டும் என்று மாணவன் கேட்பான். ஆசிரியன் அதற்கு விடை தேடுவான். கற்பித்தலே சிறந்த கற்றல் என்பதை ஆசிரியத் தொழிலில் உள்ளார் யாவரும் அறிவர்.

இவ்வாறு வேரூன்றிய குடும்பம் 1958ஆம் ஆண்டின் பின் இந்நாட்டிலே நிலைக்கவில்லை. அவ்வாண்டு மே மாதத்திலே தமிழருக்கு எதிராக எழுந்த கலவரம் பொலன்னறுவைப் பகுதியில் தொடங்கிக் கொழும்பு முதலிய இடங்களுக்கும் பரவிற்று. மே 27ஆம் நாள் அவசரகால நிலை அறிவிக்கப்பட்டது. கொழும்பிலிருந்த தமிழர் ஆயிரக்கணக்கானோர் கப்பல்களில் ஏற்றப்பட்டுக் காங்கேசன்துறையில் இறக்கப்பட்டனர். உயிரும் உடைமையும் இழந்தோர் பலர். இந்நாட்டில் இனி அமைதியாக வாழ இயலுமா என்ற ஐயம் தமிழ் இல்லங்கள் பலவற்றிலே அன்று குடிபுகுந்தது. இலட்சுமிநாராயண ஐயரின் குடும்பம் தீவை விட்டு நீங்கிச் சென்னைக்குச் சென்றது. மூத்த மகனுக்கு அப்பொழுது பதினாறு அகவை, இளையவருக்கு எட்டு.

கலவரத்திலே எரிந்த வீடுகளுக்குக் கணக்கு எடுத்தல் இயலும். இடம்பெயர்ந்தோரை எண்ணுதலும் இயலும். ஆனால் ஓர் ஆசான் ஊரை விட்டு நீங்கியதனால் அவ்வூர் இழந்ததை எக்கணக்கில் எழுதுவது? இருபது ஆண்டுகள் அவர் இங்கே தொடர்ந்து கற்பித்திருந்தால் எத்தனை மாணவர் உருவாகியிருப்பர். அவர்களுள் எத்தனை பேர் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் வவுனியாவுக்கும் ஆசிரியர்களாகச் சென்றிருப்பர். அவர்களிடம் எத்தனை உழவர் வீட்டுப் பிள்ளைகள் வில் பிடித்திருப்பர்! நடவாத நிகழ்ச்சிக்கு வரலாறு இல்லை. ஆனால் நடவாமற் போனதற்கும் காரணம் உண்டு. அக்காரணம் வரலாற்றில் இடம் பெறுதல் வேண்டும்.

சென்னையிலே குடும்பம் புதிதாக வாழ்வைத் தொடங்கிற்று. மூன்று மைந்தரும் சேர்ந்து வாசித்த பிடில் மூவர் கச்சேரி சபையோரின் கவனத்தைக் கவர்ந்தது. பாடகர் இல்லாத மேடையில் மூன்று பிடில்கள் முன்வரிசையில் அமர்ந்தன. தந்தையாரின் எண்ணம் கண்முன் வடிவு கொண்டது. பின்னர் மூவரும் மூன்று திசையில் அவ்வெண்ணத்தைக் கொண்டு சென்றனர்.

மூத்தவராகிய வைத்தியநாதன் திரைப்பட இசைத்துறையிலே புகழ் பெற்றார். பாரதியார் பாடல்களுக்கு அவர் "ஏழாவது மனிதன்" படத்தில் அமைத்த இசை இன்றும் பேசப்படுகின்றது. உரையாடலே இல்லாத "பேசும் படம்" என்னும் படத்துக்கும் அவரே இசையமைத்தார். சொல் இல்லாத இடத்தில் பொருளை விளங்க வைக்கும் கலையைத் தந்தையார் வீட்டிலே கற்றவர்க்கு அஃது இயல்பான பணியே. அவர் 2007ஆம் ஆண்டில் மறைந்தார்.

சுப்பிரமணியம் சென்னை மருத்துவக் கல்லூரியில் வைத்தியப் பட்டம் பெற்றும், வில்லையே தொழிலாகக் கொண்டார். கலிபோணியாவுக்குச் சென்று மேல்நாட்டு இசையையும் முறையாகக் கற்றார். 1985ஆம் ஆண்டில் நியூயோர்க்குப் பில்ஆர்மோனிக்குக் குழுவினரோடு, சுபின் மேத்தாவின் தலைமையில், தாமே ஆக்கிய படைப்பை வாசித்தார். கோட்டையில் ஒலித்த ஐரோப்பியப் பிடிலை முன்னொரு காலத்திலே பாலுசுவாமி தீட்சிதர் கேட்டார். ஏறக்குறைய இரு நூற்றாண்டுகளின் பின் அப்பிடில் தமிழாகி மேல்நாட்டு அரங்குக்கே திரும்பிற்று. இந்திய அரசு 2025ஆம் ஆண்டில் பத்மவிபூசண் விருதினை அவருக்கு அறிவித்தது.

இளையவராகிய சங்கர், 1970களிலே சக்தி என்னும் இசைக்குழுவில் கித்தார் வாத்தியக்காரர் யோன் மக்லோலின், தபேலா வித்துவான் சாகிர் உசேன், கடம் வித்துவான் விக்கு விநாயகராம் ஆகியோரோடு வாசித்தார். தென்னாட்டு இராகமும் மேல்நாட்டு யாஸ் இசையும் அக்குழுவிலே கைகோத்தன. பின்னர் இரு கழுத்துடைய பிடில் ஒன்றையும் அவர் வகுத்துக்கொண்டார். மிகத் தாழ்ந்த ஓசை முதல் மிக உயர்ந்த ஓசை வரை ஒரே கருவியிலே கொணர்வது அதன் நோக்கம்.

இலட்சுமிநாராயண ஐயர் 1990ஆம் ஆண்டிலே காலமானார். அவர் நினைவாகச் சுப்பிரமணியம் 1992ஆம் ஆண்டு முதல் உலக இசை விழா ஒன்றை அவர் பெயரால் நடத்தி வருகின்றார். நாடுகள் பலவற்றின் இசைவாணர்கள் அவ்விழாவிலே கலந்துகொண்டுள்ளனர். பக்கத்தில் அமர்ந்தவருக்குப் பெயர் இல்லை என்று வருந்திய ஆசானின் பெயர், இவ்வாறு மேடையின் மேலே பெரிய எழுத்தில் எழுதப்பட்டது.

ஈழத்திலே அவர் விட்டுச் சென்ற இடம் முற்றாக வெறுமையாகிவிடவில்லை. மருதனார்மடத்திலே 1960ஆம் ஆண்டில் இராமநாதன் இசைக் கல்லூரி தோன்றிற்று. மகாராசபுரம் சந்தானம் போன்ற தென்னிந்திய மேதைகள் அங்கே தலைமை தாங்கிப் பணி செய்தனர். பின்னர் அக்கல்லூரி யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து, இன்று பட்டம் வழங்கும் நிலையை அடைந்துள்ளது. வட இலங்கைச் சங்கீத சபை நடத்தும் தரத் தேர்வுகளுக்கு வன்னிப் பிள்ளைகளும் தோற்றுகின்றனர். தேர்வின் உச்சிப் படியிலே கலாவித்தகர் என்னும் பட்டம் காத்திருக்கின்றது.

ஆனால் வன்னியின் இசை வாழ்வு நேரிய பாதையில் நடந்ததன்று. 1977ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின் மலைநாட்டுத் தமிழர் பலர் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியேறினர். அவர்களோடு தப்பின் ஓசையும் காமன் கூத்தின் பாட்டும் வந்தன. 1990ஆம் ஆண்டிலே வவுனியாவுக்கு வடக்கே புகைவண்டி நின்றது. இசைவாணர் வந்து சென்ற அப்பாதையில் தண்டவாளங்களும் இல்லாது போயின. 2009ஆம் ஆண்டு மே மாதத்தில் முடிவுற்ற போரின் இறுதி மாதங்களிலே வன்னி மக்கள் ஊர் ஊராக இடம்பெயர்ந்து முள்ளிவாய்க்கால் வரை சென்றனர். கையிற் பிள்ளையைத் தூக்குபவன் கருவியைத் தூக்குவது எவ்வாறு? ஏடும் நிழற்படமும் ஒலிநாடாவும் மிருதங்கமும் பிடிலும் விட்டுச் சென்ற வீடுகளோடு அழிந்தன. எந்த ஊரிலே யார் வாசித்தார் என்பதற்குரிய சான்றும் அவற்றோடு மறைந்தது.

2013ஆம் ஆண்டிலே புகைவண்டி மீண்டும் கிளிநொச்சியை அடைந்தது. அடுத்த ஆண்டு யாழ்ப்பாணத்தை அடைந்தது. முறிகண்டிப் பிள்ளையாரை வணங்கித் தேங்காய் உடைத்துச் செல்லும் பயணிகள் கூட்டம் முன்போல் வருகின்றது. பாடசாலைகளிலே சங்கீத வகுப்புக்கள் நடைபெறுகின்றன. நவராத்திரி காலத்திலே சிறு விரல்கள் தந்தியைத் தடவித் தடவிச் சுரத்தைத் தேடுகின்றன. பாதை மீண்டது போல நினைவும் மீளுமா என்பதே இனி விடை காண வேண்டிய வினா.

இலட்சுமிநாராயண ஐயருக்குப் புகழ் மிக்க மைந்தர் இருந்தனர். அவர்கள் தந்தையின் பெயரை மறக்க விடவில்லை. ஆனால் ஊர்க் கோயில் பசனையிலே ஒரு மூலையில் அமர்ந்து வில்லிழுத்தவர், நாடக மேடையின் ஓரத்திலே விடியுமளவும் கண் விழித்துப் பிற்பாட்டுக்கு வாசித்தவர், பகலெல்லாம் வயலில் நின்று மாலையிலே அயல் வீட்டுப் பிள்ளைக்குக் கூலி வாங்காமற் சரளி வரிசை சொல்லிக் கொடுத்தவர் ஆகியோருக்கு அத்தகைய பேறு இல்லை. அவர்களுடைய வாசிப்பு இசைத்தட்டிலே பதிவாகவில்லை. அவர்களை அறிந்த முதியோர் உள்ளத்திலே மட்டும் அவர்கள் வாழ்கின்றனர். அம்முதியோரும் ஆண்டுதோறும் அருகி வருகின்றனர்.

இதற்கு மருந்து அரிதன்று. ஒவ்வோர் ஊர்ப் பாடசாலையும் ஒரு கொப்பியை இதற்கென ஒதுக்கலாம். மாணவர் தம் ஊர் முதியோரை அணுகி, உங்கள் இளமையிலே இவ்வூரிற் பாடியவர் யார், வாசித்தவர் யார், அவருக்குக் கற்பித்தவர் யார், எந்தப் பாட்டை விரும்பி வாசித்தார், எவ்வாண்டு மறைந்தார் என்று கேட்டு எழுதலாம். இன்னும் உயிரோடுள்ள பாடகரின் குரலையும் கருவியையும் கைத்தொலைபேசியிலேயே பதிவு செய்து வைக்கலாம். கருவியின் உடைந்த துண்டொன்று ஒரு வீட்டில் இருந்தாலும் அதற்கு உரியவரின் பெயரை எழுதி அதனருகே வைக்கலாம்.

பாடுபவரின் இடப்பக்கத்தில் அமர்ந்தவருக்கும் பெயர் உண்டு என்று தம் வாழ்நாள் முழுதும் வாதாடினார் யாழ்ப்பாணத்துப் பிடில் ஆசான். வன்னியின் ஊர்களிலே வில்லிழுத்து மறைந்தவர்களுக்கும் அவ்வழக்குப் பொருந்தும். அவர்களுடைய பெயரைக் கேட்டறிந்து எழுதுவோர்க்கு இன்னும் சிறிது காலமே மீதமுண்டு.